சங்கத்துக்குப் பதிவெண் உண்டு, நிர்வாகம் பேச மறுக்கிறது: தொழிலாளர் சட்டம் கேள்வி-பதில்

நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தபின் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்கள் கூடியிருக்கின்றன. சங்க உரிமை, வேலைநிறுத்தம், வேலைநீக்கம் ஆகியவை பற்றிய ஏழு கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறேன். எழுதியவர்களில் பலரும் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருப்பதால் எல்லோருக்கும் ஊர்ப் பெயரை மட்டுமே போட்டிருக்கிறோம். 'பழைய சட்டம்' என்று நான் சொல்வது 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம். 'புதிய தொகுப்பு' என்பது அந்தச் சட்டத்தையும், 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டத்தையும், 1946ஆம் ஆண்டின் நிலையாணைகள் (நிறுவனத்தின் வேலை விதிகள்) சட்டத்தையும் நீக்கிவிட்டு அந்த இடத்தில் வந்திருக்கும் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, 2020.

கேள்வி: எங்கள் தொழிற்சாலையில் நிரந்தரத் தொழிலாளர்கள் 400 பேர். அதில் 240 பேர் சேர்ந்து சங்கம் அமைத்துப் பதிவெண்ணும் வாங்கிவிட்டோம். நான்கு முறை கடிதம் கொடுத்தும் நிர்வாகம், "வெளியாள் தலைவராக இருக்கும் சங்கத்தோடு பேச மாட்டோம், நிர்வாகமும் தொழிலாளர் பிரதிநிதிகளும் சேர்ந்த பணிக்குழுவோடுதான் பேசுவோம்" என்கிறது. பதிவான சங்கத்தோடு பேச மறுக்க முடியுமா? (ஒரகடம்)

பதில்: நேற்றுவரை முடிந்தது. பதிவு வேறு, அங்கீகாரம் வேறு என்பதைத் தமிழ்நாட்டுத் தொழிலாளிகள் நூறாண்டுக்கு மேலாக அனுபவித்துத் தெரிந்துகொண்டிருக்கிறார்கள். 1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூர்ப் பக்கிங்காம் கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களை வைத்துச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டது. பி.பி. வாடியா அதன் தலைவர், திரு.வி.க. அதில் முன்னின்றவர்களில் ஒருவர். இரண்டே ஆண்டில் ஆலை நிர்வாகம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. வேலை ஒப்பந்தத்தை மீறும்படி தொழிலாளர்களைத் தூண்டினார்கள் என்று வாடியா உள்ளிட்டோர்மீது வழக்குத் தொடுத்து, அவர்களுக்கு எதிராகத் தடையாணையும் வாங்கியது. சங்கம் நடத்துவதே நஷ்டஈட்டு வழக்குக்கு ஆளாக்கும் குற்றம்போல ஆகிவிட்ட அந்த நிலையைக் கண்டுதான் தொழிற்சங்கத் தலைவர் என்.எம். ஜோஷி 1921இல் மத்தியச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். அதன் பயனாக வந்தது 1926ஆம் ஆண்டுச் சட்டம். பதிவான சங்கத்தின்மீது சதி வழக்கும் போட முடியாது, வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டியதாகச் சொல்லி நஷ்டஈட்டு வழக்கும் போட முடியாது என்ற பாதுகாப்பை அது தந்தது. சங்கத்தோடு உட்கார்ந்து பேச வேண்டும் என்ற கடமையை மட்டும் அது முதலாளிக்கு விதிக்கவில்லை. 1947இல் அந்தக் கடமையை விதிக்க ஒரு திருத்தச் சட்டமே நிறைவேறியது. அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிக்கை கடைசிவரை வெளிவரவில்லை என்பது நம் தொழிலாளர் சட்ட வரலாற்றின் விசித்திரங்களில் ஒன்று.

மகாராஷ்டிரம் 1971இல் அங்கீகாரத்துக்குத் தனிச்சட்டம் போட்டுக்கொண்டது. தமிழ்நாட்டில் அப்படி எதுவும் வராததால், 1958இல் எல்லாத் தரப்பும் சேர்ந்து ஏற்றுக்கொண்ட ஒழுங்கு நெறி என்ற ஏற்பாடே வழிகாட்டியாக இருந்தது. அது விரும்பினால் கடைப்பிடிக்கலாம் என்ற வகை. மீறினால் கேட்க நாதியில்லை. உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, சுங்குவார்சத்திரத்தில், 2024 செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 15 வரை 37 நாள் நடந்த சாம்சங் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை நினைத்துப் பாருங்கள். அங்கே சங்கத்தைப் பதிவு செய்வதே போராட்டத்தின் மையமாக இருந்தது. சங்கத்தின் பெயரில் நிறுவனத்தின் பெயர் வருகிறது என்பது நிர்வாகத்தின் ஆட்சேபங்களில் ஒன்று. வழக்கு உயர் நீதிமன்றம்வரை போய், 2025 ஜனவரி 27 அன்றுதான் பதிவெண் கிடைத்தது. பதிவுக்கே இத்தனை பாடு என்றால் பேச்சுவார்த்தை மேசைக்கு எவ்வளவு தூரம் என்று சொல்ல வேண்டியதில்லை.

இப்போது நிலைமை மாறியிருக்கிறது. புதிய தொகுப்பின் 14ஆம் பிரிவு, ஒரு நிறுவனத்தின் வருகைப் பதிவேட்டிலுள்ள தொழிலாளர்களில் 51 சதவீதம் பேரின் ஆதரவு உள்ள சங்கத்தை ஒரே பேச்சுவார்த்தைச் சங்கமாக ஏற்றாக வேண்டும் என்கிறது. எந்தச் சங்கத்துக்கும் 51 சதவீதம் இல்லையென்றால், 20 சதவீதத்துக்குக் குறையாத ஆதரவுள்ள சங்கங்களின் பிரதிநிதிகளைக் கொண்டு பேச்சுவார்த்தைக் குழு அமையும். 400இல் 240 என்பது 60 சதவீதம். ஆகவே உங்கள் கோரிக்கை வலுவானது. அங்கீகாரம் பெற்ற சங்கத்தோடு நல்லெண்ணத்துடன் பேச மறுப்பது நியாயமற்ற தொழிலாளர் நடைமுறை. அதற்கான அபராதம் 10,000 ரூபாயிலிருந்து 2,00,000 ரூபாய்வரை.

இந்த 51 சதவீதத்தில் ஒரு கண்ணியும் இருக்கிறது. கணக்கு வருகைப் பதிவேட்டை வைத்துப் போடப்படுகிறது. அப்ரண்டிஸ் சட்டத்தின்கீழ் இருப்பவர் 'தொழிலாளி' என்ற வரையறைக்குள்ளேயே வரமாட்டார். ஒப்பந்தக்காரரின் ஆட்கள் ஒப்பந்தக்காரரின் பதிவேட்டில் இருப்பார்கள். ஒரே லைனில் ஒரே வேலையைச் செய்யும் மூன்று பேரில் இருவர் கணக்கில் வராத தொழிற்சாலைகள் உங்கள் வட்டாரத்தில் உண்டு என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சங்கம் கடிதம் கொடுத்த மறுமாதமே நிர்வாகத்துக்கு வேண்டிய இன்னொரு சங்கம் முளைப்பதும் புதிதல்ல. எனவே 240 பேரின் உறுப்பினர் படிவம், சந்தா ரசீது, வங்கிக் கணக்குப் பதிவு ஆகியவற்றை இப்போதே ஒழுங்குபடுத்தி, 14ஆம் பிரிவின்கீழ் பேச்சுவார்த்தைச் சங்கமாக ஏற்கக் கோரி ஐந்தாவது கடிதத்தை எழுதுங்கள். அதன் நகலைத் தொழிலாளர் துணை ஆணையருக்கும் அனுப்புங்கள்.

வெளியாள் என்ற வாதம் நிற்காது. நிர்வாகிகளில் மூன்றில் ஒரு பங்கு அல்லது ஐந்து பேர், இதில் எது குறைவோ அதுவரை வெளியிலிருந்து வரலாம் என்று சட்டமே அனுமதிக்கிறது. பணிக்குழு சங்கத்துக்கு மாற்றாகாது என்பதை நார்த்புரூக் சணல் ஆலை வழக்கில் உச்ச நீதிமன்றம் 1960லேயே சொல்லிவிட்டது. கேன்டீன் சாப்பாட்டின் தரம், குடிநீர், ஷிப்ட் பஸ் நேரம் போன்றவற்றைப் பணிக்குழுவில் பேசலாம். ஊதிய ஒப்பந்தத்தைப் பேச அதற்கு இடமில்லை.

கேள்வி: போனஸ் பேச்சு இழுத்துக்கொண்டே போனதால், எங்கள் வார்ப்படப் பட்டறையில் 180 பேரில் 110 பேர் சென்ற மாதம் ஒரே நாளில் லீவு எழுதிக் கொடுத்தோம். ஸ்டிரைக் என்று யாரும் சொல்லவில்லை. நிர்வாகம் இதைச் சட்டவிரோத வேலைநிறுத்தம் என்று அறிவித்து எட்டு நாள் சம்பளத்தைப் பிடித்துவிட்டது. ஒரு நாள் லீவுக்கு எட்டு நாள் பிடித்தம் எந்தக் கணக்கு? (கோயம்புத்தூர்)

பதில்: உங்கள் கேள்வியில் இரண்டு விஷயங்கள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன, பிரித்துப் பார்ப்போம்.

முதலாவது, அது வேலைநிறுத்தமா என்பது. பழைய சட்டத்தில் இதற்கு வாதாட இடமிருந்தது. புதிய தொகுப்பில், ஒரு குறிப்பிட்ட நாளில் 50 சதவீதமோ அதற்கு மேற்பட்டோ தொழிலாளர்கள் பேசிவைத்துக்கொண்டு தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தம் என்று வரையறையிலேயே சேர்த்துவிட்டார்கள். 180இல் 110 என்பது 61 சதவீதம். அதோடு, முன்பு ரயில், மின்சாரம் போன்ற பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டுமே இருந்த முன்னறிவிப்புக் கட்டாயம் இப்போது எல்லாத் தொழில் நிறுவனங்களுக்கும் வந்திருக்கிறது. அறிவிப்புக் கொடுத்த 14 நாள்களுக்குள் வேலைநிறுத்தம் கூடாது. கொடுத்த 60 நாள்களுக்குள் அதைத் தொடங்கவும் வேண்டும். ஆகவே அது வேலைநிறுத்தம் அல்ல என்று வாதிடுவதில் உங்கள் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

இந்த 14 நாள் விதியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். 14 நாள் பொறுத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அறிவிப்பு கிடைத்ததும் சமரச அதிகாரி இரு தரப்பையும் கூப்பிடுவார். முதல் கூட்டம் நடந்த நாளிலிருந்து சமரச நடவடிக்கை தொடங்கியதாகக் கொள்ளப்படும். அது நடக்கும்போதும் முடிந்த 7 நாள்வரையிலும் வேலைநிறுத்தம் செய்யக்கூடாது. சமரசம் முறிந்தால் எந்தத் தரப்பு வேண்டுமானாலும் தீர்ப்பாயத்துக்கு மனுப் போடலாம்; முதலாளியும் போடலாம். தீர்ப்பாயத்தில் வழக்கு நிலுவையில் இருக்கும்போதும் அது முடிந்து 60 நாள்வரையிலும் மறுபடி தடை. வேலைநிறுத்த உரிமையைச் சட்டம் பறித்துவிடவில்லை என்று சொல்பவர்கள், சட்டப்படி அதைச் செய்யக்கூடிய நாள் நாள்காட்டியில் எது என்று வட்டமிட்டுக் காட்டட்டும்.

இரண்டாவது, எட்டு நாள் பிடித்தம். இது பழைய ஊதியப் பட்டுவாடாச் சட்டத்திலிருந்து அப்படியே, நான்கு தொகுப்புகளில் இன்னொன்றான ஊதியத் தொகுப்புக்குள் வந்திருக்கும் விதி. பத்துப் பேருக்குக் குறையாமல் கூட்டாக, நியாயமான காரணமில்லாமல், கொடுக்க வேண்டிய அறிவிப்பையும் கொடுக்காமல் வேலைக்கு வராவிட்டால், எட்டு நாள் ஊதியத்துக்கு மேற்படாத தொகையைப் பிடிக்கலாம். நிர்வாகங்கள் இந்த வரியின் கடைசிப் பகுதியைப் படிப்பதில்லை. அறிவிப்புக்குப் பதிலாக அந்தத் தொகை முதலாளிக்குச் சேர வேண்டும் என்று உங்கள் வேலை நிபந்தனைகளில் இருந்தால்தான் பிடிக்க முடியும். நியமன ஆணையையும் நிலையாணையையும் எடுத்துப் பாருங்கள். அப்படி ஒரு வரி அவற்றில் இல்லையென்றால், வராத ஒரு நாளுக்கான பிடித்தம் மட்டுமே செல்லும். மீதி ஏழு நாள் ஊதியத்தைக் கேட்டு ஊதியத் தொகுப்பின்கீழுள்ள அதிகாரியிடம் மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்யலாம்.

சட்டவிரோத வேலைநிறுத்தம் என்று அறிவித்துவிட்டதாலேயே யாரையும் வேலையை விட்டு நீக்கிவிட முடியாது என்பதையும் மற்றவர்களுக்குச் சொல்லுங்கள். அமைதியாகக் கலந்துகொண்டவரையும் வன்முறையில் இறங்கியவரையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது என்பதும், ஒவ்வொருவரின் பங்கையும் தனித்தனியே விசாரித்துத்தான் தண்டிக்க வேண்டும் என்பதும் நீண்டகாலமாக நிலைபெற்ற சட்டம். அபராதம் மட்டும் கூடியிருக்கிறது. பழைய சட்டத்தில் சட்டவிரோத வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டவருக்கு 50 ரூபாய். இப்போது 1,000 முதல் 10,000 ரூபாய்வரை. ஒரு மாதச் சிறை என்பது அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது.

கேள்வி: ஓ.எம்.ஆர். சாலையில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தில் 9 ஆண்டுகள் வேலை பார்த்தேன். மாதச் சம்பளம் 1,10,000 ரூபாய். திடீரென்று ஹெச்.ஆர். அறைக்கு அழைத்து, "ராஜினாமா கொடுத்தால் இரண்டு மாதச் சம்பளம், இல்லாவிட்டால் டெர்மினேஷன்" என்றார்கள். அரை மணி நேரத்தில் போர்ட்டலில் ராஜினாமாவைப் பதிவு செய்யவைத்து, லேப்டாப்பையும் அடையாள அட்டையையும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். என் பதவிப் பெயர் 'டீம் லீட்'. எனக்குத் தொழிலாளர் சட்டம் பொருந்துமா? (சென்னை)

பதில்: பதவிப் பெயரைப் பார்த்து நீதிமன்றம் முடிவு செய்வதில்லை. உடலுழைப்பு, திறன்சார்ந்த வேலை, தொழில்நுட்ப வேலை, எழுத்தர் வேலை ஆகியவற்றைச் செய்பவருக்குச் சம்பள உச்சவரம்பு எதுவும் கிடையாது. மேற்பார்வை வேலை செய்பவருக்குத்தான் வரம்பு. பழைய சட்டத்தில் 10,000 ரூபாயாக இருந்தது புதிய தொகுப்பில் 18,000 ஆகியிருக்கிறது. நிர்வாக, மேலாண்மைப் பதவியில் இருப்பவர் சம்பளம் எவ்வளவானாலும் வெளியே. ஆகவே கேள்வி இதுதான்: உங்கள் நாளின் பெரும்பகுதி எதில் கழிந்தது? கோடு எழுதுவதிலும் பிழை திருத்துவதிலும் என்றால் நீங்கள் தொழில்நுட்ப வேலை செய்த தொழிலாளி. பிறரின் விடுப்பை அனுமதிப்பது, அப்ரைசல் போடுவது, ஆளெடுப்பது ஆகியவை உங்கள் கையில் இருந்தால் எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும். தகவல் தொழில்நுட்ப ஊழியர்களுக்கும் சங்கம் அமைக்கும் உரிமை உண்டு என்பதைத் தமிழ்நாடு அரசு 2016லேயே தெளிவுபடுத்திவிட்டது. அந்தச் சாலையில் இருக்கும் பலர் இன்னும் அதை நம்ப மறுக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

வற்புறுத்தி வாங்கிய ராஜினாமா சட்டத்தின் கண்ணில் ராஜினாமா ஆகாது. ஆனால் வற்புறுத்தினார்கள் என்று நிரூபிக்கும் சுமை உங்கள்மேல் இருக்கிறது. அன்றைய தினமே, முடியாவிட்டால் மறுநாள், உங்கள் சொந்த மின்னஞ்சலிலிருந்து, "எந்த அறையில், யார் யார் முன்னிலையில், எத்தனை மணிக்கு இன்னது சொல்லப்பட்டது, விருப்பமில்லாமல் பதிவு செய்த ராஜினாமாவைத் திரும்பப் பெறுகிறேன்" என்று எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லையென்றால் இன்றைக்கு எழுதுங்கள். ஒரு மாதம் கழித்து, முழுக் கணக்குத் தீர்வுத் தொகையையும் பெற்றுக்கொண்டபின் எழுதும் கடிதத்தின் மதிப்பு வெகுவாகக் குறைந்துவிடும்.

அவர்கள் கொடுக்க முன்வந்த தொகையையும் சட்டம் சொல்லும் தொகையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஆட்குறைப்பு என்றால் ஒரு மாத அறிவிப்பு அல்லது அதற்கான ஊதியம் வேண்டும். முடிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம் இழப்பீடாக வேண்டும். 9 ஆண்டுகளுக்கு 135 நாள், அதாவது நாலரை மாதம். 1,10,000 முழுவதும் 'ஊதியம்' என்ற வரையறைக்குள் வந்தால் 4,95,000 ரூபாய். பாதிதான் வருகிறது என்று வைத்துக்கொண்டாலும் 2,47,500. பணிக்கொடை இதற்கு மேல் தனியாக வரும். ஆட்குறைப்புக்கு ஆளானவருக்கு மறுதிறன் நிதி என்ற பெயரில் 15 நாள் ஊதியம், 45 நாள்களுக்குள் கணக்கில் சேர வேண்டும் என்பதும் புதிய தொகுப்பில் இருக்கிறது. 'ராஜினாமா' என்ற சொல்லை உங்களிடமிருந்து வாங்கிவிட்டால் பணிக்கொடை தவிர மற்ற எதையும் கொடுக்க வேண்டியதில்லை. அந்த அரை மணி நேர அவசரத்துக்குக் காரணம் அதுதான்.

ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி வேண்டாமா என்றும் கடிதத்தின் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். அந்த விதி தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் ஆகியவற்றுக்கு மட்டுமே. அவற்றுக்கும் 100 தொழிலாளர் என்ற வரம்பு இப்போது 300 ஆகிவிட்டது. உங்களுக்கு உள்ள வழி, சமரச அதிகாரியிடம் தகராறு எழுப்பி, 45 நாள்களில் தீராவிட்டால் நேரே தீர்ப்பாயத்துக்குப் போவது. பழைய சட்டம் இதற்கு மூன்று ஆண்டு அவகாசம் தந்தது. புதிய தொகுப்பு தருவது இரண்டே ஆண்டு. 2025 நவம்பருக்கு முன்பு வேலை இழந்து, இன்னும் மனுப் போடாதவர்களும் மூன்று ஆண்டு இருக்கிறது என்று சாய்ந்திருக்க வேண்டாம். எந்தக் கெடு பொருந்தும் என்ற வாதத்துக்கே இடம் கொடுக்காமல் இரண்டு ஆண்டுகளுக்குள் முடித்துக்கொள்வது நல்லது.

கேள்வி: ஜவுளிக் கடையில் 60 பேர் வேலை செய்கிறோம். உட்கார ஸ்டூல் போட்டிருக்கிறார்கள். உட்கார்ந்தால் கேமராவில் பார்த்துத் திட்டுகிறார்கள். கடைக்காரர்கள் சங்கம் வைக்கிறார்கள், கடையில் வேலை செய்கிறவர்கள் வைக்க முடியாதா? (மதுரை)

பதில்: தாராளமாக வைக்கலாம். விண்ணப்பிக்கக் குறைந்தது ஏழு பேர் வேண்டும். உறுப்பினர்கள் மொத்தத் தொழிலாளரில் 10 சதவீதம் அல்லது 100 பேர், இதில் எது குறைவோ அந்த அளவு இருக்க வேண்டும். 60இல் 10 சதவீதம் ஆறுதான் என்றாலும் ஏழுக்குக் கீழே போகக்கூடாது. ஆகவே ஏழு பேர் போதும். உட்காரும் உரிமையைத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் சேர்த்த 22-அ பிரிவு தருகிறது. இருக்கை போட்டிருந்தால் மட்டும் போதாது. வேலையினூடே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார அது பயன்பட வேண்டும் என்பதுதான் பிரிவின் நோக்கம். தொழிலாளர் உதவி ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். ஒருவராகக் கொடுக்காமல் ஏழு பேராகக் கொடுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் வேலை செய்தவரைத் தக்க காரணமும் ஒரு மாத அறிவிப்பும் இல்லாமல் நீக்கினால் அதே சட்டத்தின் 41ஆம் பிரிவின்கீழ் மேல்முறையீடு செய்யலாம்.

கேள்வி: ஏழு மாதம் வேலை, பத்து நாள் பிரேக், மறுபடியும் புது அடையாள அட்டை. மூன்று ஆண்டுகளாக இதே மெஷினில் இப்படியே ஓட்டிக்கொண்டிருக்கிறேன். தொழிற்சாலையில் 500 பேருக்கு மேல் இருக்கிறோம். நிரந்தரம் கேட்டால், "உன் சர்வீஸ் தொடர்ச்சியாக இல்லை" என்கிறார்கள். (ஓசூர்)

பதில்: இந்தக் கேள்விக்கென்றே தமிழ்நாட்டில் ஒரு சட்டம் இருக்கிறது: தொழிலாளர்களுக்கு நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டம், 1981. 50 பேருக்குக் குறையாத தொழில் நிறுவனத்தில் 24 மாதக் காலத்துக்குள் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று அது சொல்கிறது. கட்டுமானத் தொழிலுக்குப் பொருந்தாது. இது மாநிலச் சட்டம். புதிய தொகுப்பு நீக்கிய மூன்று சட்டங்களில் இது இல்லை.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 24 மாதத்தில் 730 நாள். மூன்று பிரேக்குகளுக்கு 30 நாளைக் கழித்தால் 700. வார விடுமுறைகளுக்கு நூறு நாளைக் கழித்தாலும் 600 மிஞ்சுகிறது. தொழிலாளியின் தவறில்லாமல் வேலை இடையில் நின்றுபோவது தொடர்ச்சியைக் குலைக்காது என்பதும் சட்டத்திலேயே இருக்கிறது. பத்து நாள் வீட்டில் இருக்கச் சொன்னது நிர்வாகம்தானே? ஆகவே சட்டத்தைவிடச் சான்றைத்தான் நீங்கள் தேட வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் புது எண் கொடுத்துப் பழைய அட்டையை வாங்கிவைத்துக்கொள்வதன் நோக்கமே சான்று உங்கள் கையில் மிஞ்சக்கூடாது என்பதுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் நடத்திய ஒரு வழக்கில், வருகைப் பதிவேட்டைக் கொண்டுவராமல் நிர்வாகம் நழுவிக்கொண்டே இருந்தது. தொழிலாளியின் மனைவி ஒரு நாள் பிஸ்கட் டப்பா ஒன்றை எடுத்துவந்தார். அதில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுக்கட்டாகக் கேன்டீன் டோக்கன்களின் அடிப்பாகம் இருந்தது. ஒவ்வொன்றிலும் தேதி முத்திரை, ஷிப்ட் எழுத்து, குழம்புக் கறை. மேசையில் பரப்பி மாதவாரியாக அடுக்க எங்களுக்கு இரண்டு நாள் ஆயிற்று. 24 மாதக் காலத்துக்குள் 531 நாள் தேறியது. நீங்கள் அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. பி.எஃப். கணக்கின் மாதவாரிப் பதிவு, ஈ.எஸ்.ஐ. பங்களிப்பு விவரம், சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கு ஆகிய மூன்றையும் பதிவிறக்கிக்கொண்டு இந்தச் சட்டத்தின்கீழுள்ள ஆய்வாளரிடம் மனுச் செய்யுங்கள்.

அட்டையில் உள்ள பெயர் ஒப்பந்தக்காரருடையதா, நிறுவனத்துடையதா என்பதைக் கவனியுங்கள். ஒப்பந்தக்காரருடையது என்றால் முதலாளி யார் என்ற கேள்வி முன்னால் வந்து நிற்கும். அந்த ஒப்பந்தம் வெறும் கண்துடைப்பு என்று நிரூபிக்க வேண்டியிருக்கும், அது நீண்ட வழக்கு. இன்னொன்றையும் சொல்லிவைக்கிறேன். புதிய தொகுப்பில் 'குறித்த கால வேலை' என்ற வகைக்கு முழு அங்கீகாரம் வந்திருக்கிறது. நிரந்தரத் தொழிலாளிக்கு நிகரான ஊதியமும் ஓராண்டிலேயே பணிக்கொடையும் உண்டு என்பது அதன் நல்ல பக்கம். காலம் முடிந்து புதுப்பிக்காமல் விடுவது ஆட்குறைப்பாகாது என்பது மறுபக்கம். அடுத்த அட்டையோடு குறித்த கால ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்துக் கேட்டால், 480 நாள் மனுவைப் போட்ட பிறகு அதைப் பற்றி யோசியுங்கள்.

கேள்வி: 2003ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தில் வேலையிழந்து திரும்பச் சேர்ந்த ஆசிரியர் நான், இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமையே கிடையாது என்று அன்று தீர்ப்பு வந்தது. இன்றும் அதுதான் நிலையா? (திருநெல்வேலி)

பதில்: இன்றும் அதுதான், ஐயா. அந்த ஜூலையில் சுமார் 1,70,000 பேர் நீக்கப்பட்டதை ஒட்டி எழுந்த டி.கே. ரங்கராஜன் வழக்கில், 2003 ஆகஸ்ட் 6 அன்று உச்ச நீதிமன்றம், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை, தார்மீக உரிமையும் இல்லை என்றது. அடிப்படை உரிமை இல்லை என்பது 1961இலேயே வங்கி ஊழியர் சங்க வழக்கில் சொல்லப்பட்டது. சட்ட உரிமை இல்லை என்பதற்குத் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகளின் 22ஆம் விதி ஆதாரமாயிற்று. மூன்றாவதாகச் சேர்த்த 'தார்மீக' என்ற சொல் மட்டும் நீதிமன்றத்தின் வேலைக்கு வெளியே போய்விட்டது என்பது என் கருத்து. சங்கம் சேரும் உரிமைக்கும் கூட்டுப் பேரத்துக்குமான பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 87, 98ஆம் உடன்படிக்கைகளை இந்தியா இன்றுவரை ஏற்காததற்கு, அரசு ஊழியர் மீதான இத்தகைய கட்டுப்பாடுகளைத்தான் அரசு காரணமாகச் சொல்லிவருகிறது.

கேள்வி: 600 பேர் வேலை செய்யும் நிறுவனத்தில் சங்கச் செயலாளர் நான். ஊதிய உயர்வுக் கோரிக்கை சமரச அதிகாரி முன்பு இருக்கும்போதே, சூப்பர்வைசரை மரியாதைக் குறைவாகப் பேசினேன் என்று சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். நான்கு மாதம் ஆகிறது. பாதிச் சம்பளம் வருகிறது. விசாரணையை முடித்து டிஸ்மிஸ் செய்யப் போவதாகக் கேட்டில் பேசிக்கொள்கிறார்கள். (திருச்சிராப்பள்ளி)

பதில்: முதலில் பாதிச் சம்பளம். தமிழ்நாடு பிழைப்பூதியம் வழங்கும் சட்டம், 1981இன்படி முதல் 90 நாளுக்கு 50 சதவீதம், அதன்பின் 180 நாள்வரை 75 சதவீதம், அதற்கு மேல் முழு ஊதியம். நான்கு மாதம் என்றால் கடைசி 30 நாளுக்கு உங்களுக்கு 75 சதவீதம் வந்திருக்க வேண்டும். நிலுவையைக் கேட்டு இந்த வாரமே எழுதுங்கள். விசாரணையை இழுப்பது நீங்கள்தான் என்று சொல்ல இடம் கொடுக்காமல் ஒவ்வொரு வாய்தாவுக்கும் போய் வருகையைப் பதிவு செய்யுங்கள். புதிய தொகுப்பு, சஸ்பெண்ட் செய்த 90 நாளுக்குள் விசாரணை முடிய வேண்டும் என்கிறது.

டிஸ்மிஸ் என்பது அவ்வளவு எளிதல்ல. சமரசம் நடக்கும்போது, தகராறோடு தொடர்புள்ள குற்றச்சாட்டுக்கு ஒருவரை நீக்க வேண்டுமானால் அந்த அதிகாரியின் முன் அனுமதி வேண்டும். தொடர்பில்லாத குற்றச்சாட்டானால், ஒரு மாத ஊதியத்தைக் கொடுத்து, உத்தரவோடு கூடவே ஒப்புதலுக்கு மனுச் செய்தாக வேண்டும். மனுச் செய்யாமலோ ஒப்புதல் கிடைக்காமலோ போட்ட உத்தரவு செல்லாது என்று ஜெய்ப்பூர் நிலவள வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2002இல் தீர்த்துவைத்தது. பழைய சட்டத்தில் 33ஆம் பிரிவாக இருந்த இந்தப் பாதுகாப்பு புதிய தொகுப்பில் 90ஆம் பிரிவாக இருக்கிறது.

நீங்கள் 'பாதுகாக்கப்பட்ட தொழிலாளி'யாக ஏற்கப்பட்டிருந்தால், குற்றச்சாட்டு எதுவானாலும் முன் அனுமதி கட்டாயம். மொத்தத் தொழிலாளரில் ஒரு சதவீதம், குறைந்தது 5, அதிகம் 100 பேருக்கு இந்தத் தகுதி உண்டு. 600 பேர் உள்ள உங்கள் இடத்தில் ஆறு பேர். ஆண்டுதோறும் சங்கம் பட்டியல் கொடுத்து நிர்வாகம் ஏற்க வேண்டும். பல சங்கங்கள் ஊதிய ஒப்பந்தத்துக்குக் காட்டும் அக்கறையை இந்த ஒரு பக்கப் பட்டியலுக்குக் காட்டுவதில்லை. உங்கள் கடிதத்திலும் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. சங்க அலுவலகக் கோப்பில் தேடிப் பாருங்கள். பட்டியல் போயிருந்தால், நிர்வாகம் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையோ தபால் ரசீதோ அதோடு இருக்கிறதா என்று பார்த்து, இரண்டையும் நகலெடுத்துச் சமரச அதிகாரியிடம் கொடுங்கள். போகாதிருந்தால், சமரச நிலுவையைச் சுட்டிக்காட்டி, முன் அனுமதி இல்லாமல் எந்த உத்தரவும் போடக்கூடாது என்று நிர்வாகத்துக்கும் அதிகாரிக்கும் ஒரே கடிதத்தை இன்றைக்கே விரைவுத் தபாலில் அனுப்பிவிட்டு, ரசீதை வீட்டில் வையுங்கள், லாக்கர் அறையில் வேண்டாம்.